கழிவுநீருக்கு வரம்பு வகுத்த வேதியியலாளர் எட்வர்ட் ஃபிராங்க்லண்ட்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆறுகளிலும் கடலிலும் விடும் நீர், அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளதா என்ற கேள்வி பிரிட்டனில் அண்மை ஆண்டுகளில் பெரும் அரசியல் சர்ச்சையாக உருவெடுத்துள்ளது. 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சதர்ன் வாட்டர் நிறுவனத்துக்கு நீதிமன்றம் 9 கோடி பவுண்டுகள் அபராதம் விதித்தது. 2025-ஆம் ஆண்டு மே மாதம் தேம்ஸ் வாட்டர் நிறுவனத்தின் மீது நீர்த்துறை ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்வாட் 12 கோடியே 27 லட்சம் பவுண்டுகள் தண்டம் விதித்தது. அதில் 10 கோடியே 45 லட்சம் பவுண்டுகள் கழிவுநீர் தொடர்பான மீறல்களுக்கானவை.

இத்தகைய வழக்குகள் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருப்பது, ஆற்றில் விடப்படும் கழிவுநீரில் இன்ன பொருள் இத்தனை அளவுக்கு மேல் இருக்கலாகாது என எண்களில் குறிப்பிடும் வரம்பு. பிரிட்டனில் அவ்வாறான வரம்புகளின் முழுமையான பட்டியல் ஒன்று 1870-ஆம் ஆண்டில் அரசின் முன் வைக்கப்பட்டது. அதனை வகுத்தவர் எட்வர்ட் ஃபிராங்க்லண்ட் என்ற வேதியியலாளர். இணைதிறன் என்ற கருத்தை வேதியியலுக்கு அளித்தவர் என்றே பாடநூல்கள் இவரை அறிமுகம் செய்கின்றன. ஆனால் தமது உழைப்பின் பெரும்பகுதியை இவர் செலவிட்டது அழுக்குத் தண்ணீரின் மீதுதான்.

பெயர் சொல்லப்படாத தந்தை

ஃபிராங்க்லண்ட் 1825-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில், கார்ஸ்டாங் என்ற சிறு நகருக்கு அருகே உள்ள கேட்டரல் என்னும் ஊரில் பிறந்தார். தாயார் மார்கரெட், வசதியான வழக்கறிஞர் குடும்பம் ஒன்றில் பணிப்பெண்ணாக இருந்தவர். அந்தக் குடும்பத்து மகனுக்கும் மார்கரெட்டுக்கும் திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை எட்வர்ட். தந்தை யார் என்பதை வெளியில் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையுடன் தாயாருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை வழங்கப்பட்டு வந்தது. அந்த நிபந்தனையை மகனும் வாழ்நாள் முழுவதும் காத்தார். தாம் எழுதிய வாழ்க்கைக் குறிப்புகளிலும் அவர் தந்தையின் பெயரைக் குறிப்பிடவில்லை. விக்டோரியா காலத்துச் சமூகத்தில் இத்தகைய பிறப்பு ஒரு மனிதனின் முன்னேற்றத்தைத் தடுத்து நிறுத்தப் போதுமானதாக இருந்தது என்பதை நினைவில் கொண்டால், பிற்காலத்தில் அவர் பெயருக்கும் பணத்துக்கும் காட்டிய ஆவலை ஓரளவு புரிந்துகொள்ளலாம்.

தாயார் பின்னர் வில்லியம் ஹெல்ம் என்பவரை மணந்து லங்காஸ்டர் நகரில் குடியேறினார். அங்குள்ள இலக்கணப் பள்ளியில் படித்த எட்வர்டுக்கு மருத்துவம் பயில விருப்பம் இருந்தது. அதற்கான பொருள் வசதி குடும்பத்தில் இல்லை. ஆகவே 1840-ஆம் ஆண்டு அவர் உள்ளூர் மருந்துக்கடை ஒன்றில் தொழில் பழகுநராகச் சேர்க்கப்பட்டார். விடியற்காலையில் கடையைத் திறப்பது, சரக்குப் பீப்பாய்களை உருட்டிச் செல்வது, மருந்துப் பொருட்களை உரலில் இடித்து அரைப்பது ஆகியவையே அவருக்குக் கிடைத்த பயிற்சி. ஆண்டுக்கணக்கில் நீடித்த அந்தக் காலத்தை அவர் வீணான காலமாகவே கருதினார்.

ஆயினும் லங்காஸ்டரில் மருத்துவர்களான ஒரு தந்தையும் மகனும், இவரைப் போன்ற இளைஞர்களுக்குத் தங்கள் செலவில் சிறு ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்திருந்தனர். கடை வேலை முடிந்த பிறகு அங்கு சென்று சோதனைகள் செய்து பழகிய ஃபிராங்க்லண்ட், அவர்களது பரிந்துரையின் பேரில் 1845-ஆம் ஆண்டு லண்டன் சென்று லயன் பிளேஃபேரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அதன்பின் அவரது வளர்ச்சி வேகமானது. ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் கோல்பே அங்கே நண்பரானார். ஹாம்ப்ஷயரில் குவீன்வுட் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, பின்னாளில் புகழ்பெற்ற இயற்பியலாளராக விளங்கிய ஜான் டிண்டாலுடன் தொடங்கிய நட்பு கால் நூற்றாண்டுக்கும் மேல் நிலைத்தது. இருவரும் 1848-ஆம் ஆண்டு ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்று ராபர்ட் பன்சனிடம் பயின்றனர். அடுத்த ஆண்டிலேயே ஃபிராங்க்லண்ட் முனைவர் பட்டம் பெற்றார்.

மார்பர்க்கில் அவர் துத்தநாகத்தையும் எத்தில் அயோடைடையும் சேர்த்துச் சூடாக்கியபோது டைஎத்தில் துத்தநாகம் என்ற சேர்மம் கிடைத்தது. காற்றுப் பட்டாலே தீப்பற்றும் இந்தத் திரவத்திலிருந்துதான் கரிம உலோகச் சேர்மங்களின் வேதியியல் வளர்ந்தது. ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பிற அணுக்களுடன் மட்டுமே சேரும் என்ற கருத்தை 1852-ஆம் ஆண்டு அவர் வெளியிட்டார். அதுவே பின்னர் இணைதிறன் எனப் பெயர் பெற்றது. 1868-ஆம் ஆண்டு சூரிய நிறமாலையில் காணப்பட்ட விளங்காத மஞ்சள் கோட்டை ஆராய்ந்த நார்மன் லாக்கியருடன் இணைந்து செயல்பட்டவர் என்ற முறையில் ஹீலியத்தின் வரலாற்றிலும் அவருக்கு இடம் உண்டு.

மான்செஸ்டரில் 1851-ஆம் ஆண்டு புதிதாகத் தொடங்கப்பட்ட ஓவன்ஸ் கல்லூரியில் முதல் வேதியியல் பேராசிரியராக அவர் நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு மார்பர்க்கில் பழக்கமான சோஃபி ஃபிக் என்ற ஜெர்மன் பெண்மணியை மணந்தார். பருத்தி ஆலைகளும் சாயத் தொழிலும் செழித்திருந்த மான்செஸ்டரில், கழிவுகள் நேராக இர்வெல், மெட்லாக் ஆறுகளில் கலந்தன. ஆலை முதலாளிகளுக்கு ஆலோசகராகவும் பணியாற்றிய ஃபிராங்க்லண்டுக்கு, எந்தத் தொழிலிலிருந்து எந்தக் கழிவு வருகிறது என்ற அறிவு இங்கேதான் வாய்த்தது எனலாம்.

1866-ஆம் ஆண்டின் காலரா

லண்டனுக்குத் திரும்பிப் பல பதவிகள் வகித்த ஃபிராங்க்லண்ட், 1865-ஆம் ஆண்டு ராயல் வேதியியல் கல்லூரியில் ஹாஃப்மனுக்குப் பின் பேராசிரியரானார். ஹாஃப்மன் செய்துவந்த மற்றொரு பணியும் இவரிடம் வந்தது. லண்டனுக்குக் குடிநீர் வழங்கிய தனியார் நிறுவனங்களின் நீரை மாதந்தோறும் பகுப்பாய்ந்து, பிறப்பு இறப்புப் பதிவுத் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை தருவதே அப்பணி. சாதாரண அலுவல் போலத் தோன்றிய அது, அடுத்த ஆண்டே உயிர்ப் பிரச்சினையாக மாறியது.

1866-ஆம் ஆண்டு கோடையில் கிழக்கு லண்டனில் காலரா பரவி 5 ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். நோய் தாக்கிய பகுதி, கிழக்கு லண்டன் நீர் நிறுவனம் குடிநீர் வழங்கிய பகுதியுடன் பெரும்பாலும் பொருந்தியிருந்ததை, பதிவு அலுவலகத்தின் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் கவனித்தார். வடிகட்டப்படாத நீர் வழங்கப்படவில்லை என நிறுவனத்தின் பொறியாளர் முதலில் மறுத்தார். ஆனால் குழாய்களில் விலாங்கு மீன்கள் வந்ததாக மக்கள் புகார் கூறினர். லீ ஆற்றங்கரையில் ஓல்டு ஃபோர்டு என்ற இடத்தில் இருந்த மூடப்படாத தேக்கத்திலிருந்து நீர் விடப்பட்டிருந்தது விசாரணையில் வெளிப்பட்டது. இன்று தமிழர்கள் கணிசமாக வாழும் ஈஸ்ட்ஹாமிலிருந்து அந்த இடம் சில மைல் தொலைவில்தான் உள்ளது.

அந்த நாட்களில் நிறுவனத்தின் நீரை ஃபிராங்க்லண்டும் ஆராய்ந்திருந்தார். வேதியியல் பகுப்பாய்வில் அதில் பெரிய குறை எதுவும் தென்படவில்லை. ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நீர், சோதனைக் குழாயில் நல்ல நீராகக் காட்சியளித்தது என்பது அவரை ஆழமாகப் பாதித்திருக்க வேண்டும். இதற்குப் பின் அவரது நிலைப்பாடு கடுமையானது. நஞ்சு எது என்று வேதியியலால் காட்ட இயலாது. ஆகவே, ஒருமுறை மனிதக் கழிவு கலந்த நீர் என்று தெரிந்தாலே அதனை ஐயத்துக்குரியதாகக் கொள்ள வேண்டும் என்று அவர் வாதிட்டார்.

நீரில் உள்ள நைட்ரேட்டு, நைட்ரைட்டு, அம்மோனியா ஆகியவற்றைக் கணக்கிட்டு, அந்த நீர் முன்பு எந்த அளவு சாக்கடையுடன் கலந்திருந்தது என்று மதிப்பிடும் முறையையும் அவர் அறிமுகப்படுத்தினார். சாக்கடை சிதைந்து மறைந்தாலும் அதன் எலும்புக்கூடு நைட்ரேட்டாக நீரில் தங்குகிறது என்பது அவரது கருத்து. நீர் நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. நைட்ரேட்டு வேறு வழிகளிலும் வரக்கூடும் என எதிர்த்தரப்பு வேதியியலாளர்கள் கூறியதில் நியாயமும் இருந்தது.

முன்னாள் சென்னை ஆளுநருடன் ஆணையத்தில்

1868-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு, ஆறுகள் மாசுபடுவதைத் தடுப்பதற்கான வழிகளை ஆராய ராயல் கமிஷன் எனப்படும் அரச விசாரணை ஆணையத்தை நியமித்தது. இதற்கு முன் இருந்த ஆணையம் கலைக்கப்பட்டு அமைக்கப்பட்ட இரண்டாவது ஆணையம் இது. உறுப்பினர்கள் மூவரே. தலைவர் சர் வில்லியம் டெனிசன். 1861 முதல் 1866 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர், அடிப்படையில் ராணுவப் பொறியாளர். மற்றொருவர் ஜான் சாமர்ஸ் மார்ட்டன், வேளாண்மை வல்லுநர். மூன்றாமவர் ஃபிராங்க்லண்ட். டெனிசன் 1871-ஆம் ஆண்டு ஜனவரியில் காலமான பின் பணியின் முழுச் சுமையும் எஞ்சிய இருவர் மீது விழுந்தது.

1870-க்கும் 1874-க்கும் இடையில் இந்த ஆணையம் ஆறு அறிக்கைகளை வெளியிட்டது. மெர்சி, ரிப்பிள் ஆற்றுப் படுகைகள், கம்பளித் தொழில், ஸ்காட்லாந்தின் ஆறுகள், சுரங்கங்களும் உலோகத் தொழிலும், இறுதியாக நாட்டின் குடிநீர் வழங்கல் என அவை விரிந்தன. ஆணையத்தினர் ஆலைகளுக்கே சென்று, கழிவுநீர் வெளிவரும் இடத்தில் மாதிரிகள் எடுத்தனர். கம்பளித் தொழில் பற்றிய அறிக்கையில் ஒரு விசித்திரமான ஆவணம் அச்சிடப்பட்டுள்ளது. வேக்ஃபீல்டு நகர்வாசி ஒருவர், கால்டர் ஆறும் நகரச் சாக்கடையும் கூடும் இடத்தில் எடுத்த நீரையே மையாகக் கொண்டு, அந்நகரின் சுகாதார வாரியத்துக்கு எழுதிய குறிப்பு அது. எழுத்துகள் தெளிவாக வாசிக்கக் கூடியனவாக இருந்தன என்பதே ஆற்றின் நிலைக்குச் சான்று.

முதல் அறிக்கையிலேயே ஃபிராங்க்லண்டின் வரம்புகள் இடம்பெற்றன. ஒரு லட்சம் பங்கு கழிவுநீரில், மிதக்கும் திடப்பொருள் உலர்ந்த எடையில் கனிம வகையாயின் 3 பங்குக்கு மேலும் கரிம வகையாயின் 1 பங்குக்கு மேலும் இருக்கக்கூடாது. கரைந்த நிலையில் கரிமக் கார்பன் 2 பங்கையும், கரிம நைட்ரஜன் 0.3 பங்கையும் தாண்டக்கூடாது. ஆர்சனிக் 0.05 பங்கு. கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், சோடியம் நீங்கலாகப் பிற உலோகம் எதுவாயினும் 2 பங்கு. கந்தகச் சேர்மங்கள், குளோரின், அமிலத் தன்மை, காரத் தன்மை ஆகியவற்றுக்கும் தனித்தனி எல்லைகள் உண்டு. இன்றைய அலகில் சொல்வதானால் ஒரு லட்சத்தில் 3 பங்கு என்பது லிட்டருக்கு 30 மில்லிகிராம்.

சாயக் கழிவுக்கு அவர் வகுத்த விதிக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. வெள்ளைப் பீங்கான் பாத்திரத்தில் ஓர் அங்குல ஆழத்துக்குக் கழிவுநீரை ஊற்றிப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நிறம் தெளிவாகத் தெரிந்தால் அந்த நீர் ஆற்றில் விடத் தகாதது. பட்டியலில் இதுவே மிகச் சிறந்த விதி என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். ஆலை வாசலில் நிற்கும் எவரும் இந்தச் சோதனையைச் செய்ய முடியும்.

மண்ணுக்கு மூச்சு விட நேரம்

வரம்பு வகுப்பவர், அதனை எட்டும் வழியையும் காட்ட வேண்டும். அக்காலத்தில் சாக்கடை நீரைச் சுத்திகரிப்பதற்கு இரண்டு வழிகள் பேசப்பட்டன. வயல்களில் பாய்ச்சுவது ஒன்று. அதற்குப் பரந்த நிலம் தேவை. ரசாயனப் பொருட்களைக் கலந்து அழுக்கை அடியில் படியச் செய்வது மற்றொன்று. படிகாரம், இரத்தம், களிமண், கரி ஆகியவற்றைச் சேர்த்துச் சுத்திகரிப்பதாகச் சொல்லி, அந்தப் பொருட்களின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளால் ஏபிசி முறை என விளம்பரப்படுத்தப்பட்ட ஒன்று முதலீட்டாளர்களைக் கவர்ந்திருந்தது. ஆணையத்தின் இரண்டாவது அறிக்கை முழுவதும் இந்த முறையைப் பற்றியதே. நீர் தெளிவாகத் தோன்றினாலும் கரைந்த அழுக்கு அப்படியே எஞ்சுகிறது என்று அது கூறியது.

ஃபிராங்க்லண்ட் தமது ஆய்வுக்கூடத்தில் உயரமான உருளைகளில் மணலையும் பல்வேறு மண் வகைகளையும் நிரப்பி, லண்டன் சாக்கடை நீரை மேலிருந்து ஊற்றிப் பார்த்தார். இடைவிடாமல் ஊற்றினால் மண் விரைவில் அடைபட்டு நாறியது. கீழிருந்து மேலாகச் செலுத்தியபோதும் பயனில்லை. ஆனால் சிறிது ஊற்றி, நீர் வடிந்து மண்ணுக்குள் காற்றுப் புக நேரம் கொடுத்து, மீண்டும் ஊற்றியபோது, அடியில் வந்த நீர் வியக்கத்தக்க அளவுக்குத் தூய்மையாக இருந்தது. கரிமப் பொருள் எரிந்து நைட்ரேட்டாக மாறியிருந்தது.

இதனை அவர் முற்றிலும் வேதிச் செயலாகவே எண்ணினார். மண்ணின் துளைகளில் உள்ள ஆக்சிஜன் அழுக்கை எரிக்கிறது என்பது அவரது விளக்கம். உண்மையில் அந்த வேலையைச் செய்பவை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் என்பதை 1877-ஆம் ஆண்டு பிரான்ஸின் ஷ்லோசிங்கும் மூண்ட்ஸும் காட்டினர். காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் செய்முறை சரியாக இருந்தது. வேல்ஸில் உள்ள மெர்தர் டிட்ஃபில் நகரில், பெய்லி டென்டன் என்ற பொறியாளர் 1871-ஆம் ஆண்டு இம்முறையை நிலத்தில் நிறைவேற்றிக் காட்டினார். 1887-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமெரிக்காவின் லாரன்ஸ் ஆய்வு நிலையம் இதனை மேலும் வளர்த்தது. இன்றைய சுத்திகரிப்பு நிலையங்களின் கல் படுகை வடிகட்டிகள் இந்த வழியில் வந்தவை.

நாட்டின் தொழிலதிபர்களுக்குச் சாதகமாக அப்போது நிலவிய மற்றொரு நம்பிக்கையையும் அவர் தகர்த்தார். ஓடும் ஆறு சில மைல்களில் தன்னைத் தானே தூய்மைப்படுத்திக்கொள்ளும் என்பதே அது. சாக்கடை கலந்த நீரைப் புட்டிகளில் அடைத்து, நாட்கள் செல்லச் செல்ல அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறது என்று ஃபிராங்க்லண்ட் அளந்தார். அந்த வேகத்தை வைத்துப் பார்த்தால், சாக்கடையை முழுவதும் எரித்து முடிக்கும் அளவுக்கு நீளமான ஆறு பிரிட்டனில் எதுவும் இல்லை என்ற முடிவுக்கு ஆணையம் வந்தது. புட்டியில் அடைத்து ஆக்சிஜன் குறைவை அளக்கும் இந்த எளிய உத்தியே, உயிரி ஆக்சிஜன் தேவை என்ற இன்றைய அளவீட்டின் முன்னோடி. சென்னையிலாயினும் கொழும்பிலாயினும் கழிவுநீர் ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் செய்யப்படும் சோதனை இது.

சட்டத்தில் இடம்பெறாத எண்கள்

ஆணையத்தின் பணி முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1876-ஆம் ஆண்டு ஆறுகள் மாசுத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. ஃபிராங்க்லண்டின் எண்களில் ஒன்றுகூட அதில் இடம்பெறவில்லை. நடைமுறையில் சாத்தியமான, நியாயமாகக் கிடைக்கக்கூடிய சிறந்த வழியைக் கையாண்டதாகக் காட்டினால் தப்பிவிடலாம் என்ற வாசகம் சேர்க்கப்பட்டது. ஆலைகள் மீது வழக்குத் தொடர மத்திய அரசின் உள்ளாட்சி வாரியத்தின் அனுமதி தேவை. தொழில் நகரங்களின் நலன் பாதிக்கப்படுமா என்பதையும் வாரியம் கருத்தில் கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு உள்ளூர்ச் சுகாதார அமைப்புகளிடம் விடப்பட்டது. ஊரின் சாக்கடையை ஆற்றில் விடுபவர்களும் அவர்களே.

தொழிலதிபர்களின் எதிர்ப்பு மட்டுமே இதற்குக் காரணம் எனச் சொல்லிவிட முடியாது. ஃபிராங்க்லண்டின் திட்டத்திலேயே ஒரு பலவீனம் இருந்தது. கரிமக் கார்பனையும் கரிம நைட்ரஜனையும் அளப்பதற்கு, ஹென்றி ஆம்ஸ்ட்ராங்குடன் சேர்ந்து 1868-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட முறையில், நீரை ஆவியாக்கி, எஞ்சிய படிவைக் காற்று நீக்கிய குழாயில் எரித்து, வெளிவரும் வாயுக்களை அளவிட வேண்டும். மிகுந்த நேரமும் விலையுயர்ந்த கருவிகளும் தேர்ந்த கைத்திறனும் இதற்குத் தேவை. நாட்டில் வெகு சிலராலேயே நம்பகமாகச் செய்ய முடிந்தது. ஆல்ஃபிரட் வான்க்ளின் என்ற போட்டியாளர் முன்வைத்த அம்மோனியா முறை துல்லியத்தில் குறைந்தது என்றாலும், எந்த நகராட்சி வேதியியலாளரும் விரைவில் செய்து முடிக்கக் கூடியது. இருவருக்கும் இடையிலான பூசல் ஆண்டுக்கணக்கில், சில வேளைகளில் தனிப்பட்ட தாக்குதலாகவே, நீடித்தது. இப்படி நிபுணர்களே ஒத்துக்கொள்ளாத அளவீட்டை வைத்து ஓர் ஆலை உரிமையாளரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எந்த நீதிமன்றமும் தயங்கவே செய்யும்.

மற்றொரு குறை, எல்லா ஆறுகளுக்கும் ஒரே வரம்பு என்பது. பெரிய ஆற்றில் விடப்படும் சிறிதளவு கழிவும் சிற்றோடையில் விடப்படும் பேரளவு கழிவும் ஒரே எண்ணால் அளக்கப்பட்டன. ஃபிராங்க்லண்ட் தரப்பில் இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. ஆற்றின் கொள்ளளவைக் கணக்கில் எடுத்தால், முதலில் வந்த ஆலை முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அன்றியும், மேலே ஒருவர் விடுவது கீழே மற்றொருவரின் குடிநீர். இந்த விவாதம் இன்றுவரை உலகெங்கும் தீரவில்லை.

ஆலோசகர், மலையேறி, செல்வந்தர்

ஃபிராங்க்லண்டை அப்பழுக்கற்ற பொதுநலத் தொண்டராகச் சித்திரிப்பது சரியாகாது. தனியார் நீர்ப் பகுப்பாய்வுகள் மூலமும் நீதிமன்றங்களில் நிபுணர் சாட்சியம் அளிப்பதன் மூலமும் அவர் பெரும் பொருள் ஈட்டினார். அரசுக்காகவும் தனியாருக்காகவும் ஒரே நேரத்தில் உழைத்த அவரை எதிரிகள் கடுமையாக விமர்சித்தனர். லண்டனுக்குத் தெற்கே ரைகேட் என்ற ஊரில் வசதியான இல்லமொன்றை அமைத்துக்கொண்டு தோட்டக் கலையிலும் ஈடுபட்டார்.

மலையேற்றத்திலும் அவருக்கு நாட்டம் உண்டு. 1859-ஆம் ஆண்டு டிண்டாலுடன் மோன் பிளாங்க் சிகரத்தின் உச்சியில் ஓர் இரவைக் கழித்த அவர், அங்கு மெழுகுவர்த்திகளை ஏற்றி அவை எரியும் வேகத்தை அடிவாரத்தில் எரிந்த வேகத்துடன் ஒப்பிட்டார். ஒளி மங்கினாலும் எரியும் வேகம் ஏறக்குறைய மாறவில்லை. உயிரைப் பணயம் வைத்து ஏறிய உச்சியிலும் அளவெடுக்காமல் இருக்க முடியாத மனிதர் அவர்.

சொந்த வாழ்வில் துயரமும் இருந்தது. காசநோயால் நலிவுற்ற மனைவி சோஃபி, சிகிச்சைக்காகச் சென்ற சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் 1874-ஆம் ஆண்டு, ஆணையத்தின் இறுதி அறிக்கை வெளியான அதே ஆண்டில், உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு ஃபிராங்க்லண்ட் மறுமணம் செய்துகொண்டார். மகன் பெர்சி நுண்ணுயிரியல் பக்கம் சென்று, நீரிலுள்ள பாக்டீரியாக்களைப் பற்றிய ஆய்வில் பெயர் பெற்றார்.

மகனின் துறையே தந்தையின் கருத்தையும் மாற்றியது. மணல் வடிகட்டிகள் நீரிலுள்ள நுண்ணுயிர்களில் பெரும்பான்மையை நீக்கிவிடுகின்றன என்பது நிறுவப்பட்டதும், தேம்ஸ் ஆற்று நீரைப் பற்றி இருபது ஆண்டுகளாகக் கடுமையாகப் பேசிவந்த ஃபிராங்க்லண்ட், 1890-களில் தமது தீர்ப்பைத் தளர்த்திக்கொண்டார். விலைபோனார் என்று இதற்குச் சிலர் பொருள் கொள்ளக்கூடும். புதிய சான்று கிடைத்ததும் பழைய கருத்தைக் கைவிட்டார் என்று கொள்வதே பொருத்தமாகத் தெரிகிறது.

ராயல் சொசைட்டியின் உயரிய விருதான காப்ளி பதக்கம் 1894-ஆம் ஆண்டிலும், சர் பட்டம் 1897-ஆம் ஆண்டிலும் அவருக்கு வழங்கப்பட்டன. 1899-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள், விடுமுறைக்காகச் சென்றிருந்த நார்வேயில் தமது 74-ஆவது வயதில் அவர் காலமானார். உடல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு ரைகேட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

பிற்கால வரம்புகள்

அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, கழிவுநீர் அகற்றல் குறித்துப் புதிய அரச ஆணையம் நியமிக்கப்பட்டிருந்தது. அதன் எட்டாவது அறிக்கை 1912-ஆம் ஆண்டு வெளியானது. மிதக்கும் திடப்பொருள் ஒரு லட்சத்துக்கு 3 பங்கு. ஐந்து நாட்களில் உறிஞ்சப்படும் ஆக்சிஜன் 2 பங்கு. அதாவது லிட்டருக்கு 30, 20 மில்லிகிராம். ஆற்று நீர் கழிவுநீரைப் போல் எட்டு மடங்கேனும் இருந்தால் இந்த வரம்பு போதும் என அறிக்கை கூறியது. எரிப்புக் குழாயின் இடத்தை எளிய புட்டிச் சோதனை பிடித்தது; எல்லா ஆறுகளுக்கும் ஒரே விதி என்பதும் கைவிடப்பட்டது. ஃபிராங்க்லண்டின் திட்டத்தில் இருந்த இரு குறைகளும் இவ்வாறு நீங்கின. ஆனாலும் கழிவுநீர் விடுவோர் ஒவ்வொருவரும் நிபந்தனைகளுடன் கூடிய அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாடு 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. 1876-ஆம் ஆண்டின் சட்டம் அதுவரை 75 ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது.

இந்த அளவீடுகள் பிரிட்டனோடு நிற்கவில்லை. இந்தியாவின் 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரின் உயிரி ஆக்சிஜன் தேவைக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்ற பொது வரம்பு இடம்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991-ஆம் ஆண்டு நெறிமுறை 25 மில்லிகிராம் என வகுத்தது. அந்த நெறிமுறையில், ஆண்டுக்கு எத்தனை மாதிரிகள் எடுக்கப்படுகின்றனவோ அதற்கேற்ப எத்தனை மாதிரிகள் வரம்பை மீறலாம் என்ற பட்டியலும் உண்டு. 4 முதல் 7 மாதிரிகள் வரை எடுத்தால் ஒன்று, 8 முதல் 16 வரை என்றால் இரண்டு. ஆகவே மாதிரி எடுக்கும் நாளும் நேரமும் எண்ணைப் போலவே முக்கியமாகிவிடுகின்றன.

சதர்ன் வாட்டர் விவகாரத்தில் வெளிவந்ததும் இதுவே. சில சுத்திகரிப்பு நிலையங்களில், மாதிரி எடுக்கவேண்டிய நேரத்தில் செயற்கையாக நீரோட்டம் நிறுத்தப்பட்டு, சோதிப்பதற்கு நீரே இல்லாதபடி செய்யப்பட்டதை ஆஃப்வாட்டின் விசாரணை கண்டறிந்தது. 2010-க்கும் 2017-க்கும் இடையில் நடந்த முறைகேடுகளுக்காக 2019-ஆம் ஆண்டு அந்த நிறுவனம் 12 கோடியே 60 லட்சம் பவுண்டுகள் செலுத்த நேர்ந்தது. அதில் தண்டத் தொகை 30 லட்சம் பவுண்டுகள் மட்டுமே. எஞ்சியது வாடிக்கையாளர்களின் கட்டணத்தில் தள்ளுபடியாகத் திருப்பி அளிக்கப்பட வேண்டியது.